கந்தகம் உண்ணும் உயிர்களைக் கண்ட பெரியார்

தோற்றுவாய்

உலகின்கண் உள்ள உயிர்கள் யாவும் உண்டு வாழ்வன. புலி மானை உண்ணும். மான் புல்லை உண்ணும். புல்லோ பிறிதோர் உயிரை உண்பதில்லை. அது ஞாயிற்றின் ஒளியைத் துணையாகக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேரால் உறிஞ்சிய நீரையும் கூட்டித் தனக்கு வேண்டும் உணவைத் தானே சமைத்துக்கொள்கின்றது. ஆதலின் உண்பன எல்லாம் ஈற்றில் பச்சிலையின் வாயிலாக ஞாயிற்றையே உண்கின்றன என்று கூறின் அது மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் இயற்கை நூலார் இக்கொள்கையை ஐயமின்றித் துணிந்திருந்தனர். பச்சையம் இல்லாத உயிர் எதுவாயினும், அது பிற உயிரின் உடலையோ அவ்வுடல் விட்டுச்சென்ற எச்சத்தையோ உண்டே வாழ்தல் வேண்டும் என்பது அவர்கள் முடிபு.

இவ்விதிக்கு ஒரு புறனடை உண்டென்று காட்டியவர் ஸெர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் பேரறிஞர். ஒளியின் உதவியும் வேண்டாது, பிற உயிர்கள் ஆக்கிய உணவும் வேண்டாது, அம்மோனியா போன்ற உயிரற்ற பொருள்களை எரிப்பதனால் எழும் ஆற்றலைக் கொண்டே கரியமில வாயுவைத் தம் உடலாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் உள என்பதை அவர் நிறுவினார். அவர் மறைந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆழ்கடலின் அடித்தலத்தில் கண்டறியப்பட்ட வியத்தகு உயிர்க்கூட்டத்தின் வாழ்க்கை மறையையும் அவர் வடித்துத் தந்த திறவுகோலே திறந்தது. இலக்கியம் கற்போர்க்கு இவர் வரலாறு எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நிலத்தை முதற்பொருள் என்றும், அதன்கண் வாழ்வனவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்த நூலைப் பயில்வார்க்கு, ஒரு நிலத்தின் கருப்பொருள் அந்நிலத்தையே உண்டு வாழும் செய்தி புறம்பானதன்று என்பதே யாம் கூறும் விடை.

பிறப்பும் கல்வியும்

வினோகிராட்ஸ்கி 1856ஆம் ஆண்டில் கீவ் நகரத்தில் செல்வக் குடியொன்றில் தோன்றினார். அந்நகரம் இக்காலத்தில் யுக்ரேன் நாட்டின் தலைநகரம். அக்காலத்தில் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் கீவ் பல்கலைக் கழகத்தை அடைந்து முதற்கண் சட்டம் பயின்றார். அதில் உள்ளம் ஊன்றாமையால் இயற்கை நூல் வகுப்பிற்கு மாறினார். அங்கும் மனம் நிலைகொள்ளவில்லை. 1875இல் அப்பல்கலைக் கழகத்தையே விடுத்து, தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்குக்குச் சென்று ஆங்கிருந்த இசைக் கல்லூரியிற் சேர்ந்து பியானோ பயிலலானார். ஈராண்டுகள் சென்றபின் இசையும் தம் வாழ்நாளை முற்றும் ஒப்படைத்தற்குரிய துறையன்று எனக் கண்டு, 1877இல் பீட்டர்ஸ்பர்க்குப் பல்கலைக் கழகத்தில் மீண்டும் இயற்கை நூல் மாணாக்கராய் அமர்ந்தார்.

நம் நாட்டிலாயின் இங்ஙனம் மூன்று வாயில்களை மிதித்து மீண்ட மகனை, இவன் உருப்படான் என்று ஊரார் ஒதுக்கியிருப்பர். ஆயினும் அவர் மீண்டது சோம்பலால் அன்று. தம் உள்ளம் முழுதும் தங்குதற்குரிய ஓரிடத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். அது கிட்டிய பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதனை மறக்கவில்லை.

பீட்டர்ஸ்பர்க்கில் அவர் இரசாயனமும் தாவர நூலும் கற்றார். பமின்ட்சின் என்னும் தாவர நூற் பேராசிரியரின் துணையால், திராட்சை மதுவின் மேல் ஆடைபோற் படரும் காளான் வகை ஒன்றை ஆராய்ந்தார். உணவிற் சேரும் பொருள்கள் மாறுமாயின் அந்நுண்ணுயிரின் வளர்ச்சியும் வடிவும் எவ்வாறு மாறும் என்பதே ஆராய்ச்சிப் பொருள். ஓர் உயிரின் இயல்பை அறியவேண்டின் அதன் உணவையும் சூழலையும் நாமே அளந்து அமைத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் முறை அன்றே அவர் கைவந்துவிட்டது. 1881இல் பட்டம் பெற்றார். 1885இல் மேலும் கற்பான் வேண்டி, அக்காலத்தில் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்று, காளான் நூலில் ஒப்புயர்வற்று விளங்கிய டி பாரி என்னும் ஆசிரியரை அடைந்தார்.

கந்தக உயிர்கள்

அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் கந்தக ஊற்றுக்களைச் சிலர் கண்டிருக்கலாம். அந்நாற்றம் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயுவினுடையது. அத்தகைய ஊற்றுக்களின் அடியில் வெண்ணிறமான இழைகள் பஞ்சுபோல் படர்ந்திருக்கும். பெஜியடோவா என்று பெயர் பெற்ற நுண்ணுயிர்களே அவ்விழைகள். நுண்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின் ஒவ்வோர் இழையினுள்ளும் சிறு மணிகள் பளபளவென்று ஒளிர்வதைக் காணலாம். அம்மணிகள் தூய கந்தகம் என்பது அக்காலத்து அறிஞர்க்குத் தெரிந்ததே. ஆனால் கந்தகம் அங்கே ஏன் வந்தது? நீரிலுள்ள ஸல்பேட்டு உப்புக்களைச் சிதைத்து அந்நாற்ற வாயுவை ஆக்குவன இவ்வுயிர்களே என்பது கோன் முதலிய பெரியோர் கொண்ட கருத்து.

வினோகிராட்ஸ்கி இக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடித் தகட்டின் மீது ஒரு துளி நீரில் சில இழைகளை இட்டு, அத்துளியை நாடோறும் பலமுறை புதுப்பித்து, அதே இழைகளைத் தொடர்ந்து நோக்கி வந்தார். வாயு கலந்த நீரை அளித்தபோது இழைகள் கந்தக மணிகளால் நிரம்பின. வாயு இல்லாத நீரை அளித்தபோது மணிகள் ஒவ்வொன்றாய்க் கரைந்து மறைந்தன. நீரில் ஸல்பேட்டு மிகுந்தது. மணிகள் தீர்ந்தபின் இழைகள் பசியால் வாடி மடிந்தன. ஆகவே உண்மை முன்னோர் கருதியதற்கு மறுதலை என்பது விளங்கிற்று. அவ்வுயிர்கள் வாயுவை ஆக்குவன அல்ல, உண்பன. அதனைப் பிராண வாயுவோடு கூட்டி முதலிற் கந்தகமாக்கிச் சேமித்து, பின்னர் அச்சேமிப்பையும் எரித்துக் கந்தகத் திராவகமாக்கி, அவ்வெரிப்பில் எழும் ஆற்றலால் உயிர்த்திருக்கின்றன. நமக்குச் சோறு எங்ஙனமோ அங்ஙனமே அவற்றுக்குக் கந்தகம்.

இவ்வாராய்ச்சி 1887இல் வெளிவந்தது. மறு ஆண்டில் இரும்பு கலந்த ஊற்றுநீரில் துருநிற உறை போர்த்து வாழும் உயிர்களும் இரும்பை எரித்தே வாழ்கின்றன என்று எழுதினார். இவ்விரும்பு உயிர்களைப் பற்றிய அவர் முடிபு பிற்காலத்தில் நெடிய வாதத்திற்கு இடமாயிற்று. பெஜியடோவா கரியமில வாயுவை மட்டுமே கொண்டு வளர வல்லது என்பதும் தனி வளர்ப்பின் வாயிலாக 1983இல் தான் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டப்பட்டது. ஆற்றலின் மூலம் எது என்பதைக் கந்தக உயிர்களில் கண்ட அவர், உடலாகும் கரியின் மூலம் எது என்னும் வினாவிற்கு விடையை வேறொரு களத்தில் தேட நேர்ந்தது. அக்களம் உழவன் காலடியில் கிடக்கும் மண்.

மண்ணும் வெடியுப்பும்

1888இன் தொடக்கத்தில் ஆசிரியர் டி பாரி காலமானார். வினோகிராட்ஸ்கி ஸுவிட்ஸர்லாந்து தேசத்துச் ஸூரிச் நகருக்குப் பெயர்ந்தார். எருவிலும் அழுகிய பொருளிலும் உள்ள அம்மோனியா, மண்ணிற் கிடந்து நாளடைவில் வெடியுப்பாகிய நைட்ரேட்டாக மாறுகின்றது. பயிர்கள் விரும்பி உறிஞ்சும் உரம் அது. இம்மாற்றம் வெறும் இரசாயன நிகழ்ச்சியன்று, உயிர்களின் செயல் என்பதை 1877இல் பிரெஞ்சு அறிஞர்களாகிய ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்ற இருவர் காட்டியிருந்தனர். கழிவுநீரை மணல் நிறைந்த குழாயின் வழியே ஒழுகவிட்டால் சில நாட்களுக்குப் பின் அம்மோனியா நைட்ரேட்டாகி வெளிவரும். உயிர்களை மயக்கும் குளோரபாரம் ஆவியைச் செலுத்தினால் அம்மாற்றம் நின்றுவிடும். ஆயின் அவ்வுயிர் யாது? அதனைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றும் ஒருவர்க்கும் அது வசப்படவில்லை.

தோல்வியின் காரணத்தை வினோகிராட்ஸ்கி உணர்ந்தது அவர் நுண்மதிக்குச் சான்று. நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்க்க அக்காலத்தில் எல்லாரும் கையாண்டது ஊன்சாறு கலந்த ஜெலட்டின் பாகு. நல்லுணவு நிறைந்த அப்பாகில் ஆயிரம் உயிர்கள் செழித்து வளரும்; தாம் தேடும் உயிர் மட்டும் வளராது. கந்தக உயிர்களிடம் கற்ற பாடத்தை அவர் ஈண்டு நினைந்தார். தேடப்படும் உயிர் அவ்விருந்தை விரும்பாததாய் இருக்கலாம் அன்றோ? ஆகவே உயிர்ப்பொருள் சிறிதும் இல்லாத உப்பு நீரில் அம்மோனியாவும் கார்பனேட்டும் மட்டும் இட்டு மண்ணில் ஒரு சிட்டிகை தூவினார். பலமுறை மாற்றி மாற்றி வளர்த்தபின், அவ்வளர்ப்பில் சிறிதை எடுத்து ஜெலட்டின் மீது பரப்பினார். அதன்மேல் வளர்ந்தவற்றை அவர் நாடவில்லை. எதுவும் வளராமல் வெறுமையாய்க் கிடந்த இடத்திலிருந்தே எடுத்து மீண்டும் உப்பு நீரில் இட்டார். அங்கே அம்மோனியா மாறலாயிற்று! பிறர் கண்ணுக்குப் பாழாய்த் தோன்றிய இடத்தில் அவர் தேடிய உயிர் பட்டினி கிடந்து காத்திருந்தது.

பின்னர் ஜெலட்டினுக்கு மாறாக மணற் சத்தினின்று செய்த ஸிலிக்காப் பாகை அமைத்து, அதில் அவ்வுயிர்களைத் தனித்து வளர்த்தார். அம்மோனியா நேரே நைட்ரேட்டாக மாறுவதில்லை என்பதும், இரு வேறு உயிர்கள் அவ்வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதும் அப்போது புலனாயின. ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொன்று அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முன்னதற்கு நைட்ரஸோமோனாஸ் என்றும் பின்னதற்கு நைட்ரோபாக்டர் என்றும் பெயரிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் பெர்ஸி பிராங்க்லண்டும் அவர் மனைவியார் கிரேஸ் பிராங்க்லண்டும் வேறு முறையால் முன்னதைப் பிரித்தெடுத்தனர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இவற்றினும் பெரியது மற்றொரு முடிபு. பாத்திரங்களைத் திராவகத்தால் கழுவி, நீரைக் காய்ச்சி வடித்து, உயிர்ப்பொருளின் சுவடு தானும் இல்லாதபடி செய்த பின்னும் அவ்வுயிர்கள் இருளில் பல திங்கள் பெருகின. அவற்றின் உடலிலுள்ள கரி எங்கிருந்து வந்தது? அளந்து பார்த்தார், எரிந்த நைட்ரஜனின் அளவிற்கு ஏற்ப உயிர்க்கரியும் பெருகியிருந்தது. காற்றிலும் கார்பனேட்டிலும் உள்ள கரியமில வாயுவைத் தவிர வேறு மூலம் இல்லை. பச்சையம் இல்லை, ஒளியும் இல்லை. எனினும் இலையின் தொழில் நடைபெற்றது. 1890இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தின் வெளியீட்டில் இவ்வுண்மை உலகறிய விளங்கிற்று. இத்தொழிலுக்குப் பின்னர் பெப்பர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இரசாயனச் சேர்க்கை என்னும் பொருள்படும் கெமோஸிந்தஸிஸ் என்ற பெயரைச் சூட்டினார்.

ஒரு கணக்கும் ஈண்டு நினைவில் இருத்தத்தக்கது. ஒரு பங்கு கரியை உடலாக்க அவ்வுயிர்கள் ஏறத்தாழ 35 பங்கு நைட்ரஜனை எரிக்க வேண்டியிருந்தது. அத்துணை உழைப்பிற்கு இத்துணைச் சிறிய ஊதியம்! இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

தாயகமும் துறவும்

புகழ் பரவியது. பாஸ்டர் நிலையத்தார் அவரைப் பாரிஸுக்கு அழைத்தனர். அவரோ தாயகப் பற்றினால் 1891இல் பீட்டர்ஸ்பர்க்குக்கு மீண்டு, புதிதாய் எழுந்த பரிசோதனை மருத்துவ நிலையத்தில் நுண்ணுயிர்ப் பகுதிக்குத் தலைவரானார். செரிமானத்தை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய பாவ்லோவ் அந்நிலையத்தில் அவருக்கு உடனுழைப்பாளர். காற்றில் தனித்து நிற்கும் நைட்ரஜனையே பற்றி உரமாக்கும் நுண்ணுயிர் ஒன்றை அவர் அங்கே 1893 முதல் ஆராய்ந்து பிரித்தெடுத்தார். பிராண வாயு இல்லாத இடத்திற் செழிக்கும் அவ்வுயிருக்குப் பாஸ்டரின் பெயரையே சூட்டிச் சிறப்பித்தார். 1902இல் நிலையத்தின் தலைமையும் அவரை அடைந்தது.

ஆயினும் அலுவற் சுமையும் உடல்நலக் குறைவும் அவரை வருத்தின. 1905ஆம் ஆண்டளவில் பதவியைத் துறந்து, பொடோலியா நாட்டிலிருந்த தம் பண்ணையில் தங்கி, உழவிலும் காட்டு வளத்திலும் கருத்தைச் செலுத்தினார். ஆய்வுக் கூடத்தை ஏறத்தாழ முற்றும் மறந்தவர்போல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அவர் காலம் முடிந்ததென்றே அறிவுலகம் எண்ணியிருக்கும்.

1917இல் ருஷியாவில் புரட்சி மூண்டது. பண்ணையும் செல்வமும் பறிபோயின. உள்நாட்டுப் போரின் கொந்தளிப்பில் நாட்டை விட்டு வெளியேறி, 1921இல் பெல்கிரேட் நகரை அடைந்து ஆங்கே பேராசிரியரானார். அறுபத்தைந்து வயது, வேற்று நாடு, கையில் பொருளில்லை. பலர்க்கு வாழ்க்கை முடியும் அந்த இடத்தில் அவர்க்கு இரண்டாம் வாழ்க்கை தொடங்கிற்று. முன்னர் மறுத்த அழைப்பு மீண்டும் வந்தது. 1922இல் பாஸ்டர் நிலையத்தின் தலைவராகிய எமில் ரூ அவரை வரவழைத்து, பாரிஸுக்கு அருகிலுள்ள பிரி கோம்த் ரொபேர் என்னும் சிற்றூரில் மண்ணுயிர் ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வுக் கூடம் அமைத்துத் தந்தார்.

அங்கே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பிற்காலத்தில் அவர் மகளார் எலேனும் ஆராய்ச்சியில் துணையாயினார். கொழுத்த உணவில் வளர்த்த நுண்ணுயிரைக் கொண்டு மண்ணின் இயல்பைத் துணிதல் கூடாது. காட்டு விலங்கின் குணத்தைக் கூண்டில் அறிய முயல்வதை ஒக்கும் அது. மண்ணை மண்ணாகவே வைத்து நோக்கல் வேண்டும் என்பது அவர் இறுதி வரையில் வற்புறுத்திய கொள்கை. 1935இல் நுண்ணுயிர் நூலாரின் தலைசிறந்த பரிசாகிய லேவன்ஹுக் பதக்கம் அவரை அடைந்தது. 1949இல் தம் ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டி, மண்ணின் நுண்ணுயிர் இயல் என்னும் பொருள்படும் பெருநூலாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 1953 பிப்ரவரியில், தொண்ணூற்றாறாம் வயதில் அச்சிற்றூரிலேயே காலமானார். மண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைஸின் என்னும் மருந்தைக் கண்ட வாக்ஸ்மன் அவ்வாண்டிலேயே அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

அவர் பெயரால் வழங்கும் கண்ணாடித் தூண் ஒன்றைப் பற்றியும் கூறுதல் வேண்டும். குளத்துச் சேற்றில் காகிதத் துண்டுகளும் சிறிது ஜிப்ஸமும் கலந்து, உயரமான கண்ணாடிக் குழாயில் இட்டு, மேலே குளத்து நீரை ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் சில வாரங்கள் வைத்தால், கருமை, பசுமை, செங்கருநீலம் எனப் பல நிறப் பட்டைகள் அடுக்கடுக்காய்த் தோன்றும். ஒவ்வொரு பட்டையும் ஒருவகை நுண்ணுயிரின் நாடு. கீழே உள்ளவை ஆக்கும் கந்தக வாயுவை மேலே உள்ளவை உண்ணும். சேற்றில் நால்வகை நிலத்தையும் காட்டும் இத்தூணை எந்தப் பள்ளியிலும் செலவின்றி அமைக்கலாம்.

ஆழ்கடலின் சான்று

1977 பிப்ரவரியில் அமெரிக்க அறிஞர் சிலர் ஆல்வின் என்னும் சிறு நீர்மூழ்கியில், காலாபகஸ் தீவுகளுக்கு அருகே, கடலில் 2500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினர். அவர்கள் தேடிச் சென்றது உயிர்களை அன்று; கடலடியில் நிலம் பிளந்து வெந்நீர் ஊறும் இடங்களையே. அக்குழுவில் உயிர் நூலார் ஒருவரும் இலர். ஞாயிற்றின் கதிர் ஒருநாளும் எட்டாத அவ்விருளில், வெந்நீர் ஊற்றைச் சூழ்ந்து பெருஞ்சிப்பிகளும் நண்டுகளும், செந்நிறத் தோகை விரித்து நிற்கும் குழாய்ப் புழுக்களும் மண்டிக் கிடந்தன. வறண்ட பாலையில் மருதம் பூத்தது போன்ற காட்சி அது.

அப்புழுக்கள் இரண்டு மீட்டர் நீளம் வரையில் வளர்வன. அவற்றுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உண்ணும் வழி இல்லாத உயிர் எங்ஙனம் வளர்ந்தது? 1980இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மெரிடித் ஜோன்ஸ் என்னும் அறிஞர் இப்புழுவைப் பற்றி விரிவுரை நிகழ்த்துங்கால், அதன் உடலினுள் கந்தகப் பரல்கள் காணப்பட்டன என்று கூறினார். அவையில் இருந்த கோலீன் கவனாக் என்னும் மாணவியார் அக்கணமே எழுந்து, அப்புழுவின் உள்ளே கந்தகம் எரிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருத்தல் வேண்டும் என்று தம் கருத்தை வெளியிட்டார். 1981இல் அது மெய்யென நிறுவப்பட்டது. வெள்ளிழையினுள் ஒளிர்ந்த கந்தக மணிகளை வினோகிராட்ஸ்கி நோக்கியதற்கும், புழுவினுள் கிடந்த கந்தகப் பரல்களை ஒரு மாணவியார் எண்ணிப் பார்த்ததற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. குறிப்பு ஒன்றே, விடையும் ஒன்றே.

புழு தன் செந்தோகையால் கந்தக வாயுவையும் பிராண வாயுவையும் கரியமில வாயுவையும் நீரிலிருந்து பற்றுகின்றது. அதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், நமக்கு நஞ்சாகும் கந்தக வாயுவையும் பிராண வாயுவையும் வெவ்வேறிடத்தில் தாங்கி, ஒன்றை ஒன்று கெடுக்காமல் உள்ளே சுமந்து செல்கின்றது. உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கந்தகத்தை எரித்து, அவ்வாற்றலால் கரியமில வாயுவை உணவாக்கித் தமக்கு வீடு தந்த புழுவையும் ஓம்புகின்றன. விருந்தினர் சமைத்து வீட்டாரை உண்பிக்கும் விந்தை இது.

கரி உடலாகும் வகை

கரியமில வாயுவைப் பற்றும் முறை யாது? பச்சிலையிற் காணும் ருபிஸ்கோ என்னும் நொதியே இவ்விருள்வாழ் உயிர்கள் பலவற்றிலும் உண்டு. ஐந்து கரியணுக்கள் கொண்ட சர்க்கரையோடு ஒரு கரியமில வாயுவைச் சேர்த்து, மும்மூன்று கரியணுக்கள் கொண்ட இரு பொருள்களாக அது பிரிக்கும். கால்வின் சக்கரம் என்று பெயர் பெற்ற இச்சுழற்சி, இலையில் ஒளியின் ஆற்றலால் சுழல்கின்றது. கடலடியில் கந்தகத்தின் ஆற்றலால் சுழல்கின்றது. சக்கரம் ஒன்றே, உருட்டுவன மட்டும் வேறு.

இந்நொதிக்கு இரு குறைகள் உள. அது மெல்லச் செயல்படுவது. பிராண வாயுவையும் கரியமில வாயுவென மயங்கிப் பற்றுவது. ஆதலின் அதனைச் சுற்றிக் கரியமில வாயு செறிந்திருத்தல் வேண்டும். வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் ஊற்று வாயில்களில் அவ்வளவு கணந்தோறும் மாறும். கடல் நீரிலோ உயிரிலிக் கரியில் பெரும்பகுதி பைகார்பனேட்டாகவே உள்ளது. இவ்விடர்ப்பாட்டை ஹைட்ரஜனோவிப்ரியோ குருனோஜெனஸ் என்னும் வெந்நீரூற்று நுண்ணுயிர் வெல்லும் வகை அழகியது. அது பைகார்பனேட்டை ஆற்றல் செலவிட்டு உள்ளே இறைத்துக்கொள்கின்றது. மின்னூட்டம் உடைய அப்பொருள் உடற்சவ்வின் வழியே எளிதில் கசிந்து வெளியேறாது. உள்ளே கார்பாக்ஸிஸோம் எனப்படும் புரதச் சிமிழ்கள் உள. பைகார்பனேட்டு அச்சிமிழினுட் புகுந்ததும், ஆங்குள்ள வேறொரு நொதி அதனைக் கரியமில வாயுவாக மாற்றும். அருகிலேயே நெருங்கி அடுக்கப்பட்டுள்ள ருபிஸ்கோ அதனை உடனே பற்றும். ஏற்றம் இறைத்து நீரை வாய்க்காலில் தேக்கிப் பயிரின் அடியிலேயே பாய்ச்சும் உழவன் செயலை இது நிகர்க்கும்.

எல்லா உயிர்களும் இவ்வழியையே பின்பற்றுவதில்லை. நம் உடலில் உணவைச் சிதைத்துக் கரியமில வாயுவை வெளிவிடும் ஸிட்ரிக் அமிலச் சக்கரம் ஒன்றுண்டு. ஊற்றுவாயின் நுண்ணுயிர்கள் பல அச்சக்கரத்தைத் தலைகீழாகச் சுழற்றிக் கரியமில வாயுவை உட்கொள்கின்றன. இதற்கு ஆகும் ஆற்றற் செலவு கால்வின் சக்கரத்தினும் குறைவு. எனினும் இதன் நொதிகளிற் சில பிராண வாயுவால் கெடுவன ஆதலின், அவ்வாயு அருகிய இடங்களிலேயே இது சிறக்கும். குழாய்ப் புழுவினுள் வாழும் நுண்ணுயிரிடம் இவ்விரு வழிகளும் இருப்பது 2007இல் வெளியாயிற்று.

முன்னர் நிறுத்திய கணக்கிற்கும் இங்கே விடை கிடைக்கின்றது. கால்வின் சக்கரத்தில் ஆறு கரியணுச் சர்க்கரை ஒன்று ஆவதற்கு 18 ஏ.டி.பி. என்னும் ஆற்றற் காசுகளும், ஹைட்ரஜன் தாங்கும் 12 துணைப் பொருள்களும் வேண்டும். அம்மோனியாவையும் கந்தக வாயுவையும் எரித்துப் பெறும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் தாழ்ந்த நிலையின. அவற்றை மேட்டுக்கு ஏற்றியே அத்துணைப் பொருள்களை ஆக்கவேண்டும். அவ்வாறு ஏற்றுவதற்கும் கிடைத்த ஆற்றலில் ஒரு பங்கு செலவாகும். ஆகவே தான் 35 பங்கு எரித்து ஒரு பங்கு உடல் வளர்க்க நேர்ந்தது. 1890இல் வினோகிராட்ஸ்கி தராசு கொண்டு அளந்த எண்ணின் பொருள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

இவ்வுயிர்கள் ஞாயிற்றைச் சிறிதும் வேண்டாதன என்று கூறுவார் உளர். அது முற்றும் உண்மையன்று. கந்தகத்தை எரிக்க அவை கொள்ளும் பிராண வாயு, மேலே ஒளியில் வாழும் பச்சை உயிர்கள் விட்டதே. பிராண வாயுவும் வேண்டாது, நிலத்தினின்று எழும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கூட்டி மீத்தேன் ஆக்கி வாழும் நுண்ணுயிர்கள் வேறு உள; ஞாயிற்றின் கடனை அறவே கழித்தன அவையே. புறனடைக்கும் எல்லை உண்டு என்பதை அறிதலும் அறிவே.

முடிவுரை

வினோகிராட்ஸ்கியின் வாழ்வில் மாணாக்கராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவன இரண்டு. ஒன்று, இடம் மாறியதால் அவர் கெட்டாரில்லை என்பது. சட்டத்தையும் இசையையும் விட்டு வந்தபோதும், புரட்சியில் யாவும் இழந்தபோதும் அவர் மீண்டும் முதலடியிலிருந்து நடந்தார். தேர்வில் ஒருமுறை தவறினால் வாழ்வே தவறிற்றென்று மயங்கும் நம்மவர், அறுபத்தைந்தாம் வயதில் புதிய ஆய்வுக் கூடத்தின் கதவைத் திறந்த அம்முதியவரை நினைத்தல் நன்று.

மற்றொன்று, எல்லாரும் நோக்கிய இடத்தில் அன்றி, எதுவும் இல்லையென்று எல்லாரும் விட்ட இடத்தில் அவர் நோக்கினார் என்பது. ஜெலட்டின் தட்டின் வெறுமையான மூலையில் பட்டினி கிடந்த உயிரை அவர் கண்டெடுத்தமையால், மண்ணின் வளம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை உழவுலகம் அறிந்தது. வாயும் வயிறும் இல்லாத கடற்புழு எவ்வாறு உண்கின்றது என்பதைப் பின்வந்தோர் அறிந்தனர். நாம் பயிலும் பழஞ்சுவடிகளிலும் உரையாசிரியர் பொருளின்றி விட்ட சொற்கள் பல உள. நம் ஊர்களிலும் எவரும் கருதாது விட்ட மனிதர் பலர் உளர். ஆங்கும் நோக்குவார் வேண்டும்.